பிக்கப்பின் முதுகில் ஒரு பொட்டு

நடராசன் பொய் சொல்ல மாட்டார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆயிற்றே, எப்படிச் சொல்வார்? அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் அவர் ஏறாத வீட்டுப் படி கிடையாது. உங்களுக்கு என்ன வயது, உங்கள் அப்பா எதில் செத்தார், நீங்கள் எதில் சாகப்போகிறீர்கள் என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதர் பாலிசி பேசி, மோர் வாங்கிக் குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் ஊர் அதை நம்பாமல் வேறு எதை நம்பும்?

"மார்க்கெட் தெரு வாசிம் பாய்கிட்ட எதையும் ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்க. என் கிடார்ல இருந்த ஒரிஜினல் பிக்கப்பை உருவிக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டான்."

கேட்டவர்களில் பாதிப் பேருக்கு கிடார் என்றால் என்ன என்று தெரியாது. பிக்கப் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரிஜினல் தெரியும், டூப்ளிகேட் தெரியும், ரிப்பேர் கடைக்காரன் தெரியும். ஒருவனைத் திருடன் என்று முடிவு கட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்?

வாசிமுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. லப்பைக்குடிக்காட்டுக்காரன். ஊர் வழக்கப்படி மீசை முளைத்த கையோடு துபாய்க்குப் போய், ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையின் பின்னறையில் ஆறு வருஷம் ஈயம் உருக்கிப் பற்றவைத்தவன். கடைசி முறை விடுமுறைக்கு வந்தபோது, திருச்சி விமான நிலையத்தில் அவன் மகள் அஸ்ரின் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். அரியலூர் மார்க்கெட் தெருவில் உரக்கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில், ஆள் குறுக்கே படுத்தால் கால் தெருவில் நீளும் அளவுக்கு ஒரு கடை. ரேடியோ, டேப், மைக் செட், மிக்ஸி, எதைக் கொண்டுவந்தாலும் பார்ப்பான். அந்தக் கடை ஓடினால் அவன் அஸ்ரினுக்கு அத்தா. படுத்தால் மறுபடியும் மாமா. அவன் வாழ்க்கையில் இதற்குமேல் சிக்கலான கணக்கு எதுவும் கிடையாது.

நடராசனின் கிடாரும் துபாயிலிருந்து வந்ததுதான். ஏதோ ஒரு ஓட்டலில் வாசித்த பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குப் போகும்போது விற்றதை வாசிமின் பெரியப்பா மகன் ஜாவித் வாங்கி வந்து நடராசனிடம் விற்றான். அழகான சாமான்தான், அதில் பொய்யில்லை. செர்ரிப் பழ நிறம். நடுவில் கெட்டிக் கட்டை, இரண்டு பக்கமும் வீணைக் குடம் போல உள்ளே வெற்றிடம், மேலே வயலினுக்கு இருப்பது போல வளைந்த இரண்டு ஓட்டை. கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு வெள்ளிப் பெட்டிகள். ஒன்று கழுத்துப் பக்கம், இன்னொன்று கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரைப் பக்கம். அவைதான் பிக்கப். உள்ளே காந்தமும் சுருள் கம்பியும், தலையில் கம்பிக்கு ஒன்றாக ஆறு ஸ்க்ரூ. மேலே கம்பி நடுங்கினால் கீழே கரண்டு நடுங்கும், அது ஆம்ப்ளிஃபயரில் பாட்டாக வரும். கம்பி அந்த ஸ்க்ரூவின் நேர் மேலே ஓட வேண்டும் என்பதுதான் விஷயம். விலகினால் சத்தமும் விலகிவிடும்.

கொளஞ்சியப்பன் இன்னிசைக் குழுவில் நடராசன் இருபது வருஷ கிடாரிஸ்ட். குழுவின் பேனரில் 'அரியலூர் மாவட்டத்தின் நம்பர் ஒன்' என்று எழுதியிருக்கும். அது இரண்டாயிரத்து ஒன்று, மாவட்டம் பிறந்தே ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதில் இருந்த ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றுதான், ஆகவே போட்டி கடுமையாக இல்லை. முதலாளி கொளஞ்சியப்பனுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஸ்பீக்கரும் வேனும் அவருடையவை, ஆகவே அவருக்கு எல்லா வாத்தியமும் தெரியும்.

ஐப்பசியில், ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், நடராசன் கிடாரைத் தூக்கிக்கொண்டு வாசிமின் கடைக்கு வந்தார்.

"பாய், ஒயரு சொருகுற எடம் லூசா இருக்கு. தானா விட்டுக்கிச்சு."

"யாராச்சும் கழட்டினாங்களாண்ணே?"

நடராசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கிடார்ல ஸ்க்ரூ டிரைவர் பட்டதே கெடையாது. என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டது கெடையாது. பச்சப்புள்ள மாதிரி வச்சிருக்கேன்."

வாசிம் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்படிப்பட்ட கிடாருக்குப் பின்பக்கம் மூடி எதுவும் இருக்காது. உள்ளே எதைச் சரிசெய்ய வேண்டுமானாலும் அந்த வயலின் ஓட்டை வழியாகத்தான் இழுக்க வேண்டும். சொருகுமிடத்தில் நூலைக் கட்டி உள்ளே தள்ளி, ஓட்டை வழியாக வெளியே எடுத்து, விட்டுப்போன வயரைப் பற்றவைத்து, அதே நூலைப் பிடித்து மறுபடி அதன் இடத்துக்கு இழுத்துவிட்டான். பத்து நிமிட வேலை. பிக்கப்பை அவன் தொடவே இல்லை. தொடுவதற்கு வேலையும் இல்லை. செய்யாத வேலைக்குச் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அடுத்த வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நடராசன் தன் பெயர் பெற்ற ஆரம்ப வாசிப்பை எடுத்தார். மெல்லிசான முதல் கம்பி கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டது. பிக்கப் மாற்றும் ஸ்விட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளினார். தடித்த கம்பிகள் தவில் போல முழங்கின. மாப்பிள்ளையின் அப்பா காதைப் பொத்திக்கொண்டார். கீபோர்டு வாசிக்கும் முத்தமிழ் ஒரு பட்டனைத் தட்டினான். அதே ஆரம்ப வாசிப்பு, கிடார் சத்தத்திலேயே, பிசிறில்லாமல் வந்தது. கூட்டம் கைதட்டியது. கொளஞ்சியப்பன் முத்தமிழைப் பார்த்தார், நடராசனைப் பார்த்தார், பிறகு ரொம்ப நேரம் அந்தப் பட்டனைப் பார்த்தார்.

"ஒரு பட்டனைத் தட்டினா கிடாரு, இன்னொன்னைத் தட்டினா வயலினு. இதுக்கு வேன்ல சீட்டும் வேணாம், சாப்பாடும் வேணாம் போலருக்கே" என்றார், வேனில் திரும்பி வரும்போது, யாரிடம் என்றில்லாமல்.

நடராசன் பயந்துபோனார். மனிதன் பயந்தால் என்ன செய்வான்? பழி போட ஆள் தேடுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நடராசனுக்கு ஆடத் தெரியும், அதை மறுக்கக் கூடாது. கூடமும் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. யார் கோணலாக்கியது என்பதில் மட்டும்தான் சின்ன இடறல். கடைசியாகக் கிடாரைக் கையில் வாங்கியவன் வாசிம். சொல்லவே வேண்டாம், விஷயம் முடிந்தது.

வாசிமுக்கு இது எப்படித் தெரியவந்தது என்றால், இருசம்மாள் வந்து சொன்னாள். இருசம்மாள் முந்திரிக்கொட்டை உடைப்பவள். நாளெல்லாம் உட்கார்ந்து உடைத்து, கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவள். அந்த வேலைக்குத் துணை ஒரு ரேடியோ. அது வாசிமின் அலமாரியில் இரண்டு நாளாக இருந்தது.

"பாய், ரேடியோவைச் சரி பண்ண வேணாம். இருக்குறது இருக்குற மாதிரியே குடுத்துடுங்க."

"ஏங்க, இன்னும் நான் தெறக்கவே இல்லியே?"

"அதான், தெறக்குறதுக்கு முன்னாடியே வாங்கிக்கிறேன். நடராசன் சாரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு." ஒரு நிமிஷம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "புள்ளகுட்டிக்காரன் ஏன்தான் இப்படிச் செஞ்சீங்களோ."

அந்த வாரம் அலமாரி காலியானது. சரிசெய்து வைத்ததையும் கொண்டுபோனார்கள், சரிசெய்யாததையும் கொண்டுபோனார்கள். ஒருவர் தன் டேப்ரிக்கார்டரை வாங்கிப்போய், உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க மகனைவிட்டுக் கழற்றச் சொல்லி, அது அங்கேயே நிரந்தரமாக ஊமையானது. அதற்கும் வாசிம்தான் காரணம் என்று பேச்சு. மாசி மாதம் முழுக்க அவன் தன் கடை மின்விசிறியைத்தான் மூன்று முறை பிரித்து மாட்டினான். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜாவித்தின் போன் வந்தது. துபாயில் பழைய கடையில் ஆள் எடுக்கிறார்கள், பங்குனி கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றான்.

வாசிமின் மனைவி பர்சானா விவரமானவள். அன்று மதியம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தக் கிடாரைப் பாத்தீங்களா? என்னதான் அதுக்கு?"

"பெரம்பலூர் கச்சேரி கேசட்டைக் கேட்டேன். முதல் கம்பி காந்தத்துக்கு நேரா ஓடல. அது மட்டும் தெரியுது. தெறந்து பாத்தா சொல்லிடுவேன். கேட்டு வாங்கி, காசு வாங்காம சரி பண்ணிக் குடுத்துடலாமான்னு பாக்குறேன்."

"குடுங்க. நல்லாக் குடுங்க. சரி பண்ணிக் குடுத்தா, 'பயந்துகிட்டு ஒரிஜினலைத் திருப்பி வச்சிட்டான்'னு சொல்லுவாங்க. பண்ணிக் குடுக்காட்டி, 'வித்துத் தின்னுட்டான்'னு சொல்லுவாங்க. எதைச் சொல்றதுக்கு நீங்க ஒத்தாசை பண்ணப் போறீங்க?"

வாசிம் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டான். அவள் சொன்னதில் ஓட்டையே இல்லை. சரிசெய்தால் திருடன், சரிசெய்யாவிட்டாலும் திருடன். கடைக்குள் உட்கார்ந்து எதைச் செய்தாலும் அது திருட்டுத்தான். கடைக்கு வெளியே செய்தால்?

மறுநாள் அவன் கொளஞ்சியப்பனைப் போய்ப் பார்த்தான். பங்குனியில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் திருவிழா, அங்கே இவர்கள் கச்சேரி.

"அண்ணே, கச்சேரிக்கு முன்னாடி, சாயங்காலம் நாலு மணிக்கு, மேடைமேலயே நான் அந்தக் கிடாரைத் தெறக்குறேன். மைக்கு ஆன்ல இருக்கணும். எல்லாரும் பாக்கட்டும். நான் எதையாச்சும் மாத்தியிருந்தா அங்கேயே என்னைக் கட்டிவச்சு அடிங்க."

கொளஞ்சியப்பன் யோசித்தார். நியாயத்தைப் பற்றி அல்ல. நாலு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும் என்பதைப் பற்றி. "மேஜிக் ஷோவுக்குத் தனியா ஆள் கூப்புடணும்னு கமிட்டில கேட்டாங்க. இது செலவில்லாம முடிஞ்சுரும்" என்று ஒப்புக்கொண்டார்.

நடராசனாலும் மறுக்க முடியவில்லை. ஊரெல்லாம் சொன்னவர் மேடையில் வேண்டாம் என்றால் எப்படி? "தாராளமாத் தெறக்கட்டும். குத்தமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும்" என்றார். அந்தப் பழமொழி யாரைப் பார்த்துச் சிரித்தது என்று அப்போது அவருக்கே தெரியாது.

பங்குனி வெயில் நாலு மணிக்கும் இறங்கவில்லை. பந்தலுக்குக் கீழே பெண்கள் சாக்கும் பாயும் விரித்து இரவுக் கச்சேரிக்கு இடம் பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் இருசம்மாள், மடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையுடன். தூக்குத்தண்டனை பார்க்க வந்தவர்களும் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டார்கள். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துண்டு, துண்டின்மேல் கிடார். கொளஞ்சியப்பன் மைக்கில், "இப்போது அரியலூர் வாசிம் அவர்கள் கிடாரைத் திறந்து காட்டுவார்" என்று அறிவித்தார். ஒருவன் விசிலடித்தான்.

வாசிம் ஸ்க்ரூ டிரைவரைத் துண்டில் துடைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. உண்மையிலேயே யாரோ மாற்றியிருந்தால்? துபாயிலேயே அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் மாற்றி விற்றிருந்தால்? அப்படியானால் இன்றோடு கதை முடிந்தது, மகளிடம் விடைபெற்றுக்கொள்ள வேண்டியதுதான். பிஸ்மில்லா என்று முணுமுணுத்தான். மைக் ஆனில் இருந்ததால் அது எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

கம்பிகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினான். குதிரைப் பக்கத்துப் பிக்கப்பைச் சுற்றியிருந்த சட்டத்தின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினான். ஒவ்வொன்றையும் உயர்த்திக் காட்டிவிட்டுத் துண்டின்மேல் வைத்தான். மூன்றாவது ஸ்க்ரூவின் தலை கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரே படாத கிடாராம். பிக்கப்பை மெதுவாக வெளியே தூக்கினான். குழிக்குள் அதன் வயர் நுனியில் சின்ன கிளிப். பிடுங்கினால் வரும், சொருகினால் போகும், ஈயம் பற்றவைக்கும் வேலையே இல்லை. பிக்கப்பைத் திருப்பினான்.

முதுகில் ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்து, ஓரம் வெடித்து, பெருவிரல் ரேகையோடு இருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

வாசிம் இன்னொரு பிக்கப்பையும் கழற்றித் திருப்பினான். அதன் முதுகிலும் அதே பொட்டு, அதே பெருவிரல். இரண்டையும் கையில் ஏந்தி, தாம்பூலத் தட்டை நீட்டுவது போல முன்வரிசைப் பக்கம் காட்டினான்.

இருசம்மாள் எழுந்து மேடை ஓரத்துக்கே வந்துவிட்டாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்னது இது, பொட்டு வச்சிருக்கு?"

மேடையில் நடராசனின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் ஏஜெண்ட் ஏஜெண்டுதான். சமாளித்துக்கொண்டு சொன்னார்: "தர்கா சந்தனமா இருக்கும். பாய் வூட்டுல சந்தனக்கூடு எடுப்பாங்கள்ல?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். வாசிமுக்கு ஐந்து மாதக் கோபமும் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் கிடாராலேயே அந்த மனிதரை ஒன்று போட வேண்டும் போலிருந்தது. போடாமல், நிதானமாக மைக்கில் கேட்டான்:

"சந்தனம் தர்காவுதுன்னே வச்சுக்குவோம். குங்குமம் யாருதுங்கண்ணே?"

பந்தல் வெடித்துச் சிரித்தது. கொளஞ்சியப்பனே சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாசிம். இன்னொருவர் மேடையில் தன் வலது கைப் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

ஆயுத பூஜைக்கு அரிவாளிலிருந்து ஆட்டுக்கல் வரைக்கும் கழுவிப் பொட்டு வைக்கிற ஊரில், நடராசன் தன் ஆயுதத்தைப் பிரித்துத் துடைத்துப் பொட்டு வைத்ததில் தப்பே இல்லை. போன வருஷம் முன்பக்கம் வைத்ததில் வெள்ளிப் பூச்சு கறுத்துவிட்டது, அதனால் இந்த வருஷம் புத்திசாலித்தனமாக முதுகில் வைத்தார். இரண்டு பெட்டியையும் பூஜையில் அருகருகே வைத்தார். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. திரும்ப மாட்டும்போது எது எங்கே இருந்தது என்று சரஸ்வதி வந்து சொல்லவா போகிறாள்? அந்த இழுபறியில்தான் சொருகுமிடத்து வயரும் "தானா விட்டுக்கொண்டது". பிரித்ததை வாசிமிடம் சொல்ல வெட்கம். சொல்லாத அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஊர் ஊராகப் பேசினார்.

வாசிம் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எதிரே கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு உருவித் தரச் சொன்னான். ஒரு பிக்கப்பின் முதல் ஸ்க்ரூவிலிருந்து ஆறாவது ஸ்க்ரூ வரைக்கும் அளந்து ஒடித்தான். அதையே இன்னொன்றின்மேல் வைத்தான். ஈர்க்கு ஒரு நெல் அகலத்துக்குக் குறைந்தது.

"பாத்துக்குங்க. ரெண்டும் ஒண்ணில்ல. கம்பிங்க கழுத்துகிட்ட நெருங்கி வரும், குதிரைகிட்ட விரிஞ்சு போவும். அதனால நெருக்கமானது கழுத்துக்கு, அகலமானது குதிரைக்கு. இதுல எடம் மாறிப் போயிருக்கு. நெருக்கமானதைக் குதிரைகிட்ட வச்சா மொதக் கம்பி காந்தத்துக்கு வெளிய ஓடும், சத்தம் எங்கேருந்து வரும்? கூடுதல் சத்தம் குடுக்குற குதிரைப் பிக்கப்பு கழுத்துல ஒக்காந்ததால அங்க மேளம் கொட்டுது. ஒரிஜினலும் இதான், டூப்ளிகேட்டும் இதான்."

இடம் மாற்றி மாட்டினான். பொட்டு இரண்டையும் அழிக்கவில்லை. கம்பிகளை முறுக்கி, ஒவ்வொன்றும் அதனதன் ஸ்க்ரூவுக்கு நேர் மேலே வரும்படி சட்டத்தை ஒரு மயிரிழை நகர்த்தி இறுக்கினான். கிடாரை நடராசனிடம் நீட்டினான். நடராசன் வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார்? முதல் கம்பியைத் தட்டினார். அது பந்தலைத் தாண்டி, முந்திரித் தோப்பைத் தாண்டிப் போயிருக்கும். அவ்வளவு சுத்தம்.

இப்போது மைக் நடராசன் முன்னால் இருந்தது. பந்தல் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. வாசிமும் பார்த்தான். ஒரு வார்த்தை. ஐந்து மாதத்துக்கு ஒரு வார்த்தை. நடராசன் தொண்டையைச் செருமினார். கொளஞ்சியப்பன் குறுக்கே வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது. கச்சேரி சரியாக ஏழு மணிக்குத் தொடங்கும். ரோஸ் நிறப் பர்ஸைத் தவறவிட்டவர்கள் மேடைக்குப் பின்புறம் வரவும்."

வாசிம் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஒத்திகைக்கு நடராசன் வாசிப்பது காற்றில் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாக வாசித்தார். எந்தப் பட்டனைத் தட்டினாலும் அந்த இழைவு வராது என்று வாசிமுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவனுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

ஊர் பாடம் படித்துக்கொண்டது. என்ன பாடம் என்பதுதான் விசேஷம். வாசிம் யோக்கியன் என்றல்ல. சாமானுக்குள் பொட்டு வைத்துக் கொடுத்தால் எந்த ரிப்பேர்காரனாலும் எதையும் மாற்ற முடியாது என்று! அடுத்த வாரத்திலிருந்து அவன் கடைக்கு வந்த ரேடியோக்களின் உள்ளே சந்தனம், டேப்ரிக்கார்டர்களின் உள்ளே குங்குமம், மிக்ஸியின் அடியில் விபூதிப் பட்டை. ஒரு மைக் செட்டுக்காரர் ட்ரான்ஸ்ஃபார்மர்மேல் மஞ்சளைக் குழைத்து அப்பி, அது ஈரத்தில் ஷார்ட்டாகி, ரிப்பேர் இரண்டாக வளர்ந்தது. பொட்டு மட்டும் போதாதென்று, கழற்றும்போது பக்கத்தில் இருந்தே பார்க்க வேண்டும் என்றார்கள். நிற்க முடியாதவர்களுக்காக வாசிம் கடை வாசலில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டான். அலமாரி நிறைந்தது. ஜாவித்திடம் துபாய்க்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். அஸ்ரின் அவனை அத்தா என்று கூப்பிட்டாள். எல்லாம் சரிதான். ஆனால் யாராவது வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தினமும் ஒருமுறை மேடையேறி இறங்குவது போலிருக்கும் அவனுக்கு.

"யாவாரம் நடக்குதுல்ல, விடுங்க" என்றாள் பர்சானா.

"நடக்குது. போலீஸ் ஸ்டேசன்ல கையெழுத்துப் போடுற மாதிரி நடக்குது" என்றான்.

இதற்கிடையில் அரசாங்கம் அரியலூர் மாவட்டத்தையே கழற்றி மறுபடி பெரம்பலூரோடு மாட்டிவிட்டது. கொளஞ்சியப்பன் பேனரில் ஒரு வார்த்தையை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்து, 'மாவட்டத்தின் நம்பர் ஒன்' என்று வைத்துக்கொண்டார். நடராசன் குழுவில்தான் இருந்தார். மார்க்கெட் தெரு வந்தால் மட்டும் அவர் வண்டி தானாகவே வேகமெடுத்துவிடும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வண்டி வாசிமின் கடைமுன் நின்றது. நடராசன் கிடாரை இறக்கி மேசைமேல் வைத்தார். முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"பூசைக்குப் பிரிச்சுத் தொடைக்கணும் பாய். நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க."

வாசிம் தலையை நிமிர்த்தாமலே ஸ்டூலைக் காட்டினான். "ஒக்காருங்கண்ணே. நீங்க இருக்கும்போதே கழட்டிடுறேன்."

நடராசன் ஸ்டூலைப் பார்த்தார். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதை வாங்கிப் போட வைத்தவரே அவர்தானே. உதட்டை ஒருமுறை ஈரமாக்கிக்கொண்டார்.

"இல்ல பாய். கீழப்பழுவூர்ல ஒரு பாலிசி இருக்கு. சாயங்காலம் வரேன். நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இத்தனை வருஷமாக வேன் டிரைவரைக்கூடத் தொடவிடாத கிடார், ஆளில்லாமல் அங்கே கிடந்தது. வாசிம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இரண்டு பிக்கப்பும் வெளியே வந்தன. போன வருஷத்துப் பொட்டு முதுகில் அப்படியே இருந்தது, அவர் தொடவே இல்லை. பழந்துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வாசிம் அதை அழுந்தத் துடைத்தான்.

அப்போது இருசம்மாள் ரேடியோவோடு வந்தாள். வழக்கம்போல ஸ்டூலில் உட்காரப் போனவள் மேசையைப் பார்த்தாள்.

"நடராசன் சாரு கிடாருல்ல இது? ஆளு எங்க?"

"கீழப்பழுவூர் போயிருக்காரு."

"பிரிச்சுப் போட்டுட்டா? பக்கத்துல இல்லாமலா?"

"ஆமா."

இருசம்மாள் கறுத்த விரலால் தாடையைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு ரேடியோவை மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் போயிக் காய் வாங்கிட்டு வந்துடுறேன், பாய். பாத்து வைங்க." நான்கு எட்டு நடந்தவள் நின்று திரும்பினாள். "உள்ள பொட்டு ஏதும் வைக்கல, சும்மா தேடாதீங்க."

வாசிம் எழுந்து வாசலுக்கு வந்தான். அந்த ஸ்டூலைத் தூக்கிக் கடைக்குள் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்து ரேடியோவைத் திறந்தான்.